சேனை வைக்கப் போனவள்

1

நடந்ததைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சர்க்கரைத் தண்ணீர் இருந்தது எவர்சில்வர் கிண்ணத்திலா, பிளாஸ்க் மூடியிலா? கிண்ணம் என்றே எழுதுகிறேன். அதைப் பிடித்திருந்தது என் கை. அதில் சந்தேகம் இல்லை.

ஒரு தொடக்கம்: ‘தென்காசி மருத்துவமனையின் பிரசவ வார்டு ஜன்னல் வழியே குற்றாலச் சாரல்...’

(நிறுத்திவிட்டேன். அந்த ஜன்னல் அடைத்திருந்தது.)

2

எதிர்வீட்டுச் சுஜிதாவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் அதற்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்போம். அதற்காக இலஞ்சியிலிருந்து என்னை அழைத்துவந்தவள் மாடத்தி, சுஜிதாவின் கணவனுக்கு அக்கா. நான் அதிகம் பேசாதவள். புத்தகமும் கையுமாகக் கிடப்பவள்.

“நீங்க வச்சா பிள்ள அமைதியா வளரும்க்கா. இவ வாய் வந்துரக் கூடாதுல்லா” என்று சுஜிதாவைக் கண்ணால் காட்டினாள் மாடத்தி.

எனக்குப் பெருமையாக இருந்தது. (இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி சேர்த்தேன்.)

3

நர்ஸ் ஹைருன் பீவி சொன்னதை வசனமாக எழுதினால் பாடப்புத்தகமாகிவிடுகிறது. சுருக்கிவிடுகிறேன். சீம்பால் மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். பிள்ளையின் வயிறும் கோலிக்குண்டு அளவுதான். ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம். மாடத்தி ஒப்பவில்லை. தன் மூன்று பிள்ளைகளுக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதாகச் சொன்னாள்.

ஹைருன் பீவி அடுத்த கட்டிலுக்குப் போனார். பிள்ளையின் வாய் காம்பிலிருந்து இரண்டு முறை நழுவியது. பிறகு அழுகை.

“பால் இல்ல. பிள்ளயப் பட்டினி போடுதா” என்று மாடத்தி என்னைப் பார்த்தாள். நர்ஸ் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். விரலைக் கிண்ணத்தில் நனைத்தேன்.

“அக்கா, அதக் கீழ வைங்க” என்றாள் சுஜிதா. தையல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். “எம்பிள்ளைக்கு எங்குணம் போதும்.”

4

ஒரு முடிவு: நானே தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டுகிறேன். (பொய். என்னை நல்லவளாக்குகிறது.)

இன்னொன்று: மாடத்தி மனம் மாறிக் கண்கலங்குகிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சுஜிதா நர்ஸைக் கூப்பிட்டாள். ஹைருன் பீவி அவள் மடியில் தலையணை வைத்து, பிள்ளையின் உடம்பு முழுவதையும் தாயின் பக்கம் திருப்பினார். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் மார்பில் படும்படி அணைத்தார். நழுவியது. மறுபடி. ஐந்தாவது தடவையோ ஆறாவதோ, பிள்ளை பற்றிக்கொண்டது.

5

இதற்கு அர்த்தம் என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பாடு. யார் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சுஜிதா ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தாள். பிள்ளைக்கு உமாதேவி என்று பெயர். இப்போது இரண்டு வயது. ஹைருன் பீவி மாற்றலாகிச் செங்கோட்டைக்குப் போனார். மாடத்தி எங்கள் தெருவுக்கு வந்தாலும் என் வீட்டுக்கு வருவதில்லை. அதன்பிறகு மூன்று வீடுகளில் என்னைச் சேனை வைக்கக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார்கள்.