பத்துக்கு நான்கு

வரலாற்று ஆசிரியைக்கு ஐந்து வகுப்புகள், நூற்றெண்பத்து மூன்று விடைத்தாள்கள். கால அட்டவணையில் இருந்த இரண்டு ஓய்வு நேரமும் லீவு போட்டவர்களின் வகுப்புகளுக்குப் போய்விட்டன. அதனால் பஸ்ஸில் பாதி, மகளோடு பல் டாக்டருக்குக் காத்திருந்தபோது மீதி என்று திருத்தித் தள்ளினார். தாளுக்கு ஒன்றரை நிமிடம். கை தன் பாட்டுக்கு ஓடியது, கண் சும்மா பேருக்குக் கூடவே போனது.

கட்டுகளை ஆபீசில் கொடுத்த மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக, விரிவாகக் கருத்து எழுத வேண்டும் என்று தலைமை ஆசிரியையே எழுதி, ஆசிரியர்களிடம் கையெழுத்துக் கேட்டிருந்த தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் 4/10 என்று இருந்தது. கீழே, ‘சொன்னதையே திரும்பச் சொல்லாதே. ஆதாரம் எங்கே?’

“இது நீங்க போட்டதுதானே?”

“ஆமா மேடம். கட்டுல கலந்துடுச்சு. கவனிக்கல.”

தலைமை ஆசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அது கிடக்கட்டும். மீதி ஆறு மார்க் எதுல போச்சு?”

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் வரிவரியாக விளக்கினார். அந்தப் பருவத்தில் அவர் நிதானமாகக் கருத்துச் சொன்ன ஒரே தாள் அதுதான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவருடைய வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் தன் ஓய்வு நேரத்தையும் திருத்தாத கட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.