படி தம்பிக்கு, அடுப்பு அக்காவுக்கு

இந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெல்ஃபினாவுக்கு இந்த ஜென்மத்தில் புரியப் போவதில்லை. புகை ஏறிக் கரியாகிப்போன சமையலறை உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, அந்த பெல்ஜியக்காரி லீஸ்பெத் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நின்றாள். அவள் புருஷன் வவுட்டர் கீழே கழுதைக் கொட்டடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போடலாம் என்றான். கழுதை படுத்த இடத்தில் மனுஷன் படுக்க ஆசைப்பட்டால் அது அவன் தலையெழுத்து. வாங்கித் தொலைத்தால் போதும் என்று தெல்ஃபினா சிரித்த முகமாக நின்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிரனாதா நகரத்தில், மகள் குடியிருக்கும் தெருவிலேயே, லிஃப்ட் வைத்த ஒரு சின்ன ஃபிளாட். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவளுடைய ஸ்பானியக் கிராமமோ மலையில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. ரொட்டி வாங்கப் போனாலும் ஏற்றம், தேவாலயத்துக்குப் போனாலும் ஏற்றம். இந்த வீட்டில் தன் பங்கை விற்றால்தான் அந்த ஃபிளாட். தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே இங்கிலீஷ்காரனிடமும் ஜெர்மானியனிடமும் போய்விட்டன. இன்னும் எத்தனை நாள் இவர்களுக்கு இந்த மலைப் பைத்தியம் பிடித்திருக்குமோ, யார் கண்டது?

விடாப்பிடியாகக் குறுக்கே கிடந்தது மாடிப்படி.

அப்பா போனதும், ஊர் வழக்கப்படி, வீட்டை அறை அறையாகப் பிரித்து, தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். எந்த மடையன் மாடிப்படியையும் ஓர் அறையாகக் கணக்கு வைத்துச் சீட்டில் எழுதினானோ, அது தம்பி காஸிமிரோ கைக்குப் போய்விட்டது. கீழ்வீடு, தெருக்கதவு, படி எல்லாம் அவனுக்கு. மாடியில் சமையலறையும் இரண்டு அறைகளும் தெல்ஃபினாவுக்கு. கூடப் பிறந்தவள் என்பதால் அவள் ஏறி இறங்கலாம். அவளிடம் வாங்குகிறவன் ஏற முடியாது. காஸிமிரோ மனசு வைத்தால்தான் உண்டு.

மனசு வைப்பதற்கு அவன் காசு கேட்கவில்லை, அக்கா முறைப்படி வந்து கேட்டால் போதும் என்றான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அந்த ஊரில் கூடப் பிறந்தவர்கள் பங்கை அந்நியனுக்கு விற்பதானால், முதலில் ஒரு சாட்சியோடு மற்றவர் முன்னால் போய் நின்று, உனக்கு வேண்டுமா என்று வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்டும் வாய் திறக்காவிட்டால் வேண்டாம் என்றே கணக்கு. கேட்காமல் விற்றால் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஊரில் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கேட்பதில்தான் வம்பே. பல வருஷத்துக்கு முன்னால், திருவிழாவுக்கு வெள்ளையடித்தபோது, சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதே என்று தெல்ஃபினா படிக்கட்டுச் சுவருக்கும் சேர்த்து அடித்துவிட்டாள். "என்னைக் கேட்டியா?" என்றான் காஸிமிரோ. உனக்கு நல்லது செய்யவும் உத்தரவு வாங்கணுமா என்று அவள் கத்த, அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஒரே படியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்குவார்கள். இருவர் வாயிலும் கொழுக்கட்டை.

ரொட்டிக்கடை எவரிஸ்தோ நல்ல மனுஷன். இருவருக்கும் நடுவே தூது போய்த் தூது போய்ச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"அக்கா வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். படியைச் சும்மாவே குடுத்துடறேன்னு சொல்றான்."

"செத்தாலும் கேக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு."

"ஏங்க்கா, ஒரு வார்த்தைதானே? கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"குறைஞ்சுதான் போவேன். உன் ரொட்டி கருகுது பாரு, போ."

மகள் போனில் தலையில் அடித்துக்கொண்டாள். பெல்ஜியக்காரர்கள் வாரம் தவறாமல் வந்தார்கள். மாடியும் கீழும் சேர்த்துத்தான் கேட்டார்கள். தெல்ஃபினா இதோ ஆகிவிடும் அதோ ஆகிவிடும் என்று இழுத்தாள். அதற்குள் லீஸ்பெத் மாவு பிசையக் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிசைந்த மாவைப் படம் எடுத்தாள். இங்கே என்ன அமைதி, என்ன காற்று, இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வருகிறது என்று வேறு கேட்டாள். உன் நாட்டில் உனக்கு லிஃப்ட் இருக்கிறது தாயே, அதனால் வருகிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. விற்க வேண்டியவள் ஆயிற்றே, விழுங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் செருப்புச் சத்தம். காஸிமிரோ வந்து சமையலறை வாசலில் நின்றான். பின்னால் எவரிஸ்தோ. காஸிமிரோவின் தொப்பி கையில் இருந்தது.

"அக்கா, பையன், தான் இருக்கிற தர்ரகோனாவுக்கே வந்துடுன்றான். என் பங்கை வித்துட்டுப் போகப் போறேன். முறைப்படி கேக்கறேன். உனக்கு வேணுமா?"

தெல்ஃபினா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. இவனாவது போறதாவது! பாலத்தைத் தாண்டி அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனாலே பொழுது சாய்வதற்குள் திரும்பி வருகிறவன். நாடகம் ஆடுகிறான். முதலில் என் வாயைத் திறக்க வைத்துவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைப்பு. இத்தனை வருஷம் பேசாதவளை இப்போது பேச வைத்துவிடுவானாமா? பார்க்கலாம்.

"உன்னைத்தாங்க்கா கேக்கறேன். வேணுமா, வேணாமா?"

"ஏதாவது சொல்லுங்கக்கா. சாட்சிக்குன்னு என்னைக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்று எவரிஸ்தோ கெஞ்சினான்.

இடித்த புளி மாதிரி நின்றாள். மாவை மட்டும் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். காஸிமிரோ எவரிஸ்தோவைப் பார்த்துத் தலையசைத்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்குமோ என்னவோ.

"சரிக்கா. கேட்டுட்டேன்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். எப்படி மூக்கை உடைத்தேன் பார் என்று அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் சூப் கூடுதலாகவே குடித்தாள்.

பிறகு ஒருநாள் காஸிமிரோ புதுச் சட்டை போட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினான். மகனைப் பார்க்கப் போகிறான், வந்துவிடுவான் என்றே தெல்ஃபினா ஜன்னலில் நின்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வாசலில் வேன் வந்து நின்றது. மெத்தையும் விளக்கும் இறங்கின. வவுட்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தெருக்கதவைத் திறந்தான்.

தெல்ஃபினா ஜன்னலை விட்டு விலகினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்காராத குறையாக இறங்கினாள்.

வவுட்டர் முகமெல்லாம் பல். "அம்மணி, நாங்கள் இனி உங்கள் அண்டை வீட்டார்" என்றான், பாடப்புத்தகத்தில் படித்த ஸ்பானியத்தில். கீழ்வீடு, கதவு, படி எல்லாம் வாங்கியாகிவிட்டது. உங்களிடம் கேட்டபோது நீங்கள் வேண்டாமென்று விட்டுக்கொடுத்தீர்களாமே, எவரிஸ்தோ சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே, ரொம்ப நன்றி என்றான்.

கூடப் பிறந்தவனிடம் தெல்ஃபினாவுக்கு அத்தனை வருஷம் வராத வார்த்தை, ஊர் பேர் தெரியாதவன் முன்னால் தானாக வந்தது.

"ஐயா, என் மாடியையும் வாங்கிக்கங்க. வேணுமா? சொல்லுங்க. விலையை நீங்களே சொல்லுங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலிருந்ததெல்லாம் கீழ்வீட்டுக்கும் அதன் மராமத்துக்குமே சரியாகப் போய்விட்டதாம். அதோடு யோசித்துப் பார்த்தார்களாம். அவளைக் கிளப்பிவிட்டு அந்தச் சமையலறையில் இன்னொருத்தரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லையாம். வேறு யாருக்காவது விற்கப் படியில் வழி தருவீர்களா என்று அவள் கேட்டாள். லீஸ்பெத் பதறிப்போனாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் ஏறி இறங்கினால் நன்றாகவா இருக்கும் என்றாள்.

"தாங்கள் மட்டும் எப்பொழுது வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். எங்களைக் கேட்கவே வேண்டாம்" என்றான் வவுட்டர்.

பாவி, பாவி என்று தன்னையேதான் திட்டிக்கொண்டாள். ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

லீஸ்பெத் ஓடிவந்து அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மெதுவாக, மெதுவாக என்று சொல்லிச் சொல்லி அவளை மாடிக்கு ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள்.