எழுவைதீவுத் தரிப்பிடத்தின் மூன்று திறப்புவிழாக்கள்

துஷாந்தி ரீச்சர் கரம்பொன்னிலிருந்து தினமும் படகேறி எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவர். பின்னேரம் இரண்டு மணிப் படகுக்கு அவர் காத்து நிற்கும் இறங்குதுறையில் பயணிகள் தரிப்பிடம் ஒன்று உண்டு. முதலில் நான்கு தூண்களை எழுப்பித் திறந்தார்கள். நாலு வருடம் கழித்து அதே தூண்களுக்கு நீலம் பூசித் திறந்தார்கள். இருமுறையும் பளிங்கில் பெயர்க்கல் வந்தது. கூரைதான் வரவில்லை.

இந்த வருடம் தகரக் கூரை போட்டார்கள். ஆகவே மூன்றாவது விழா. பள்ளிக்கூட அதிபர் சிவபாதம் துஷாந்தியைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், தரிப்பிடத்தின்ரை வரலாற்றை ஒரு பக்கத்திலை எழுதித் தாரும். பிரதம விருந்தினருக்கு முன்னாலை வாசிக்கவேணும்."

துஷாந்தி கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தார். அதிபருக்கு வியர்த்தது.

"இதை வாசிக்க ஏலாது பிள்ளை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு." தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு வரவேண்டிய விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். இரண்டரை ஆகியும் அவர் பேச்சு கரை காணவில்லை. நிழலில் போட்ட கதிரைகள் அவரோடு வந்தவர்களுக்கே போதவில்லை. பயணிகள் வழமைபோல வெயிலில் நின்றார்கள்.

படகோட்டி கிறிஸ்தோப்பர் பொறுமையிழந்து கத்தினார்: "காத்து எழும்புது! வாறாக்கள் ஏறுங்கோ. விட்டால் நாளைக்குத்தான்!"

பயணிகள் ஏறினார்கள். விருந்தினரோடு வந்த பட்டாளமும் ஏறியது. படம் எடுப்பவரும் ஏறினார். பொற்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விருந்தினர் அதை அந்தரத்தில் விட்டுவிட்டு, மாலையோடு ஓடிவந்தார். துஷாந்திக்குப் பக்கத்தில் மட்டுமே இடம் இருந்தது.

அலையொன்று அவருடைய வேட்டியை நனைத்தது.

"ஒவ்வொரு நாளும் இப்பிடியே போறனீங்கள்?"

"ஓம் ஐயா. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு."

துஷாந்தி தாளை நீட்டினார். இடமாற்றக் கடிதம் கண்முன் வந்து போனது. விருந்தினர் கடைசி வரிவரை வாசித்தார்: 'பெயர்க்கல் மூன்று. குந்தியிருக்க ஒரு வாங்கும் இல்லை.' தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படகு ஊர்காவற்றுறைக் கரையை அடைந்ததும் இறங்கிப் போனார்.

இடமாற்றம் வரவில்லை. மூன்று வாரத்தில் நீளமான மர வாங்கு ஒன்று வந்தது. கடலுக்கு முதுகு காட்டிச் சீமெந்தில் இறுக்கிவிட்டுப் போனார்கள். அதில் இருந்தால் படகு வருவது தெரியாது.

துஷாந்தி இருந்து பார்த்தார். பதினொரு வருடப் படகுப் பயணத்தில் முதல்முறையாகக் கால் ஆறியது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற மேரிறோஸிடம், "அக்கா, படகைக் கண்டால் சொல்லுங்கோ" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.