ஜன்னல் இறங்கும் நேரம்

மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை நீச்சல் குளத்தை மூடி வைப்பார்கள். காலையில் வந்த பள்ளிப் பிள்ளைகள் போயிருப்பார்கள், அலுவலகம் விட்டு வருகிறவர்கள் வர இன்னும் நேரமிருக்கும். அந்த இரண்டு மணி நேரமும் குளம் அவளுக்கே சொந்தம். 'உயிர்காப்பாளர்' என்று முதுகில் அச்சடித்த சட்டையோடு, தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உயர நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறப்பாள். கூரைக் கண்ணாடி வழியே வரும் வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி, சுவரெல்லாம் நெளியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டடமே மெதுவாக எங்கோ மிதந்து போவது போலிருக்கும்.

அங்கே உட்கார்ந்துதான் அவள் ஜன்னல்களை இறக்கக் கற்றுக்கொண்டாள்.

'தூறல்' என்பது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்கான ஒரு முகப்பு. கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற பின்னணி, கீழே இருக்கும் பட்டை, திறந்து மூடுகிற ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. சம்பளம் வாங்காத முப்பது பேர் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு அதைச் செய்தார்கள். அவள் பங்குக்கு வந்தது ஒரே ஓர் அசைவு. ஒரு ஜன்னலை ஒதுக்கி வைத்தால் அது சுருங்கிக் கீழே பட்டைக்குள் போய்ச் சேரவேண்டும். பழைய பதிப்பில் பட்டென்று மறைந்துவிடும். அவள் அதை மிதந்து இறங்கும்படி செய்தாள். ஒருநாள் குளத்தின் அடியில் மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ விட்டுப்போன நீச்சல் தொப்பி ஒன்று தன்னை நோக்கி இறங்கி வருவதைப் பார்த்திருந்தாள். அந்த இறக்கத்தைத் திரைக்குக் கொண்டுவர எட்டு மாதம் ஆயிற்று.

ஏழாம் பதிப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் வெளியானது. மதியத்துக்குள் கருத்துப் பக்கத்தில் நானூறு பேர் எழுதிவிட்டார்கள்.

நுழைவுச்சீட்டு கவுண்டரில் இருக்கும் அண்ணி, அவளுடைய அண்ணன் மனைவி, சாப்பாட்டு டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்க ஆரம்பித்தாள்.

"'நிறமெல்லாம் அருமை. கண்ணுக்கு இதமா இருக்கு.' நல்லாத்தானே சொல்றாங்க."

"கீழ போங்க அண்ணி."

"'ஜன்னலை ஒதுக்கிட்டு டீ போடப் போனேன். குடிச்சு முடிச்சுட்டு வந்து பார்த்தா இன்னும் இறங்கிட்டிருக்கு.'" அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "'இது மென்பொருளா, தாலாட்டா?' அடுத்தவரு என்ன சொல்றாருன்னா, 'இதைச் செஞ்சவங்களுக்கு வேற வேலையே இல்லையா?' ஏன் இல்லாம, ரெண்டு வேலை இருக்கு. சொல்லிடவா?"

"வேண்டாம்."

"சாப்பிடு முதல்ல. நானூறு பேரு எங்கயும் ஓடிப் போயிட மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை அது தொள்ளாயிரம் ஆனது. முக்கால்வாசிப் பேர் மற்ற எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு அந்த இறக்கத்தை மட்டும் திட்டினார்கள். புதன்கிழமை குழுத்தலைவர் அழைத்தார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த வாரம் ஒரு திருத்தம் விடுறோம். அந்த இறக்கத்தை எடுத்துடலாமான்னு..."

"எடுத்துடுங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

பிறகு மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்து இறங்கியது. யார் யாரோ ஒதுக்கி வைத்த ஜன்னல்கள் எல்லாம் வருவது போலிருந்தது. பாதி எழுதிய கடிதம் ஒன்று, கடற்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பப் படம், முடிக்காத சதுரங்க ஆட்டம். ஒவ்வொன்றும் அவள் தோளை உரசிக்கொண்டு போய்த் தரையில் படுத்தது. மூச்சு முட்டும்வரை எழுந்திருக்க மனமில்லை.

வியாழக்கிழமை கருத்துப் பக்கத்தில் 'ஒற்றைச்செருப்பு' என்ற பயனர் எழுதினார்.

அந்தப் பெயரைக் கண்டால் குழுவில் எல்லோருக்கும் கிலி. ஒன்பது வருடங்களாக ஒரு பதிப்பு விடாமல் குறை சொல்கிறவர். குறைகள் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் பெரிய தொல்லை. இந்த முறை சுருக்கமாக எழுதியிருந்தார்.

"இறக்கம் எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் எடுத்துவிடாதீர்கள். என் மனைவிக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து, கண்ணெதிரே ஒரு பொருள் மறைந்தால் அது தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். படம் பார்க்கும் ஜன்னல் மறைந்தால் அழுவாள். திங்கட்கிழமையிலிருந்து அவ்வளவாக அழவில்லை. ஜன்னல் போன இடத்தை விரலால் காட்டுகிறாள். ஆனாலும் பாதித் தடவை தவறவிடுகிறாள். எங்கே கோளாறு என்று பாருங்கள்."

அவள் மூன்று முறை படித்தாள். தலைவரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினாள். பிறகு ஒற்றைச்செருப்புக்கு எழுதினாள்: "அவங்க பார்க்கிறதை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

மறுநாள் மதியம் வீடியோவில் வந்தார்கள். அவர்களுடைய கணினித் திரையும் ஓரத்தில் தெரிந்தது. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். காதோரம் பென்சில் செருகியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் கம்பளிச் சட்டையில் அவர் மனைவி. முகத்தில் ஒரு பக்கம் தூங்கியும் மறுபக்கம் விழித்தும் இருப்பது போலிருந்தது.

"நீங்கதானா அது?" என்றார் அவர். "நான் நேராப் பேசிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"ஒன்பது வருஷமாப் பழகிடுச்சுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் கையை எடுத்துச் சுட்டியின் மேல் வைத்தார். "இதப் பாரு. இந்தப் படத்தை ஒதுக்கு."

அந்த அம்மாள் அழுத்தினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் கண்களைத்தான் பார்த்தாள். முதலில் கண்கள் படத்தின் மேலேயே இருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. கண்கள் அலுத்துப்போய் அறை ஜன்னலோரத்துக் குருவியிடம் போயின. திரும்பி வந்தபோது படம் நகத்தளவு சுருங்கி, பட்டைக்குள் வேகமாக நுழைந்துகொண்டிருந்தது.

"போச்சு," என்றார் அந்த அம்மாள். கண் நிறைந்துவிட்டது.

"இல்லம்மா, இருக்கு. கீழ இருக்கு பாரு," என்றார் கணவர்.

அவளுக்கு அப்போது விளங்கியது. அழகுக்காக என்று இறக்கத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தயக்கம் வைத்திருந்தாள். ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்காகத்தான் ஊரெல்லாம் திட்டியிருக்கிறது. அதே ஒரு நொடியில்தான் இந்தக் கண்களும் வழி தவறுகின்றன.

அழைப்பு முடிந்ததும் தொலைந்த பொருள்கள் பெட்டியிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தாள். அண்ணியைக் கூப்பிட்டாள்.

"நான் அடியில போய்ப் படுத்ததும் இதைத் தண்ணிக்குள்ள விடுங்க."

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றபடி அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரத்தில் குந்தினாள்.

இருபது தடவை விட்டாள். தொப்பி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. கை விலகியதும் புறப்பட்டது. தரையை நெருங்கும்போதுதான் நிதானித்தது. பக்கவாட்டில் கொஞ்சம் சறுக்கி, இடம் பார்த்து உட்கார்ந்தது. அன்று குளத்தடியில் தான் பார்த்தது எதை என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. தயக்கம் தொப்பியுடையது அல்ல. அவள் நினைப்பில் சேர்ந்துகொண்டது.

நான்கு மதியங்கள் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். ஜன்னல் இப்போது அழுத்திய கணமே கிளம்பியது, கடைசியில் மட்டும் மெதுவானது. மொத்த நேரம் முன்பைவிடக் குறைவு.

இரண்டாம் அழைப்பில் அந்த அம்மாளின் கண்கள் படத்தோடு சேர்ந்தே கீழே இறங்கின. விரல் பட்டையில் போய் நின்றது.

"போ..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "இருக்கு."

மறுபடி திறந்தார். மறுபடி ஒதுக்கினார். "இருக்கு." பதினோரு தடவை. கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திருத்தம் வெளியான அன்று கருத்துகள் வந்தன. "அந்த நத்தை இறக்கத்தை எடுத்ததற்கு நன்றி" என்று நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள்.

"எடுத்துட்டியா?" என்றாள் அண்ணி.

"இல்லை. உள்ளதான் இருக்கு."

"அப்ப சொல்லேன் அவங்ககிட்ட."

"சந்தோஷமா இருக்காங்க. இருக்கட்டுமே."

பத்து நாள் கழித்து, பெயர் போடாத ஒரு புதிய பயனரிடமிருந்து ஒரு கருத்து வந்தது. "எளுத்து சின்னது." அவ்வளவுதான். அதன் கீழே ஒற்றைச்செருப்பு ஒரு வரி சேர்த்திருந்தார்: "அவள் எழுதியது. அரை மணி நேரம் ஆனது. நான் திருத்தவில்லை."

அவள் அதையும் மூன்று முறை படித்தாள். பிறகு எடுத்துத் தலைவருக்கு அனுப்பினாள்.

"சரிக்கா, பட்டியல்ல சேர்த்துடுறேன்," என்றார் அவர். "யாரு கேட்டது?"

"நம்ம பயனர் ஒருத்தர்," என்றாள்.