ஆபீசர் அசையாமல் நின்ற இரண்டு நொடி

பல் மருத்துவருக்கும் அவருடைய சம்பந்தியான பஸ் ஓட்டுநருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும், கேமராவைத் தவிர. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுத்தால் கை நடுக்கத்தில் படம் கலங்கிவிடும். அந்த நடுக்கத்தைச் சரிக்கட்டும் அமைப்பு கேமராவுக்குள் இருப்பது நல்லதா, லென்ஸுக்குள் இருப்பது நல்லதா என்பதுதான் தகராறு. பிள்ளைகளின் கல்யாணத்தன்று தொடங்கியது, மூன்று வருடமாக ஓயவில்லை.

“சஸ்பென்ஷன் வண்டியில இருக்கணும் சம்பந்தி. அப்புறம் எந்த டயரை மாட்டினாலும் குலுங்காது” என்பார் ஓட்டுநர்.

“வலிக்கிற பல்லுக்குப் பக்கத்துலதானே ஊசி போடுறோம்? நீள லென்ஸ்லதான் ஆட்டம் ஜாஸ்தி. மருந்தும் அங்கதான் இருக்கணும்” என்பார் மருத்துவர்.

மருத்துவரின் மகள் மீன் காட்சியகத்தில் வேலை பார்த்தாள். அங்கே வாசல் பேனருக்கு ஆக்டோபஸின் படம் தேவைப்பட்டது. யார் வந்து நின்றாலும் கண்டுகொள்ளாததால் அதற்கு ஆபீசர் என்று பெயர். ஃப்ளாஷ் போடக் கூடாது. ஒடுங்கிய நடையில் ஸ்டாண்ட் வைக்கவும் இடமில்லை. அப்பாவையும் மாமனாரையும் கூப்பிட்டாள். கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருவரும் ஆஜர்.

ஓட்டுநர் எடுத்த படத்தில் கண்ணாடியின் கீறல்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. ஆபீசர் மட்டும் தொட்டியின் கோடியில், தண்ணீரில் கரைந்த சாயம்போலத் தெரிந்தார். மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் நீள லென்ஸால் எடுத்துப் பார்த்தார். அதே சாயம்தான், இன்னும் பெரிதாக. கேமரா பழையது என்பதால் மணல் தூவியது போல் புள்ளிகள் வேறு.

“ரெண்டு பேர் கையும் ஆடலப்பா” என்றாள் மகள். “ஆபீசர்தான் ஆடுறாரு. அவரை நிறுத்த உங்க ரெண்டு பேர்கிட்டயும் மெஷின் கிடையாது.”

மகள் ஓரத்தில் இருந்த வாளியைக் காட்டித் தொடர்ந்தாள்.

“நண்டைக் காட்டினா, பாயறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் கல்லு மாதிரி நிப்பாரு. ஆனா இன்னிக்கு இருக்கறது ஒரே நண்டு.”

ஓட்டுநர் தன் குட்டை லென்ஸைப் பார்த்தார். சம்பந்தியின் நீள லென்ஸைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “உங்க லென்ஸ் என் கேமராவுல சேருமா சம்பந்தி?”

“சேரும். நடுக்கத்தைத் தடுக்கிற ரெண்டு அமைப்பும் ஒண்ணாவும் வேலை செய்யும். போன வருஷமே படிச்சேன். சொன்னா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“அடப்பாவி மனுஷா!” என்று சிரித்த ஓட்டுநர், லென்ஸை மாட்டிக் கேமராவை அவரிடமே நீட்டினார். “நீங்களே எடுங்க. பல்லு புடுங்குற கை, நிதானமா இருக்கும்.”

மகள் தொட்டியின் மூடியைத் தூக்கி, இடுக்கியில் நண்டைக் காட்டினாள். எட்டுக் கைகளும் அப்படியே நின்றன. மருத்துவர் மூச்சைப் பிடித்தார். க்ளிக். மறு நொடி நண்டைக் காணோம். ஆபீசர் பீய்ச்சிய தண்ணீர் மகளின் முகமெல்லாம் வழிந்தது.

படத்தில் ஆபீசரின் கைகளில் இருந்த உறிஞ்சிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது. ஓட்டுநர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு, “நம்ம சம்பந்தி எடுத்திருக்காரு பாரு ஒரு படம்!” என்று நடை முழுக்க எதிரொலிக்கச் சொன்னார்.

மருத்துவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. லென்ஸைக் கழற்றப்போன ஓட்டுநரின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்.”