ஒன்று புள்ளி இரண்டு ஹெர்ட்ஸ்

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் மில்லுக்காரர் ஐயாசாமிக்கு உலகத்தில் நம்பிக்கையான எண் ஒன்றே ஒன்றுதான்: ஐம்பது. மோட்டார் பெட்டியின் சின்னத் திரையில் ஐம்பது ஹெர்ட்ஸ் என்று ஒளிர்ந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். நாற்பதுக்கு இறங்கினால் முனகும். பத்துக்கு வந்தால் மோட்டார் சூடேறிப் படுத்துவிடும்.

மகள் பிரவீனாவுக்குப் புனேயில் வேலை கிடைத்து மூன்று வாரமாகிறது. அத்தனை தூரம் அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றார் மனிதர். இன்று மாலைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட நாளில்தான் பிரவீனா, கல்லூரியில் தான் செய்த சின்னக் கருவியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"வெரல இதுல வைங்கப்பா. உங்க இருதயம் எப்படி ஓடுதுன்னு காட்டும்."

வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் வர, அவள் வாசலுக்குப் போய்விட்டாள். திரையில் எழுந்தது: 1.2 ஹெர்ட்ஸ்.

எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று விரலை வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். அதே 1.2. ஐம்பது ஓட வேண்டிய இடத்தில் ஒன்றேகால்கூட இல்லை! பயத்தில் எண் 1.6க்கு ஏற, கொஞ்சம் தேறுகிறோம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

"நஞ்சம்மா, ஓடியா!"

மனைவி நஞ்சம்மாள் மாவுக் கையோடு வந்தாள்.

"நான் போயிருவனாட்ட இருக்குது. பிரவீனா புனேக்குப் போகட்டும் புள்ள. தூரமெல்லாம் சும்மா சொன்னது. அவ இல்லாத ஊட்டுல எனக்குச் சோறு எறங்காது, அதான்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுது ஓய்ந்ததில் எண் பழையபடி 1.2க்கு இறங்கியது. போனோடு திரும்பி வந்த பிரவீனா திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஹெர்ட்ஸுன்னா செகண்டுக்கு எத்தன தடவைன்னு கணக்குங்கப்பா. ஒன்னு புள்ளி ரெண்டுன்னா நிமிஷத்துக்கு எழுவத்திரெண்டு. ஜம்முனு ஓடுது. அம்பது கரண்டுக்குத்தானுங்க. இருதயம் செகண்டுக்கு அம்பது தடவை அடிச்சா ஊடே ஆடிப்போயிரும்!"

ஐயாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். போன உயிரோடு பிடிவாதமும் திரும்பி வந்தது.

"அப்ப நான் பேசுனது சாகப்போறன்னு நெனச்சுப் பேசுனது. செல்லாது."

"ஏனுங்க, அப்பவும் ஜம்முனுதான் ஓடுச்சு, இப்பவும் ஜம்முனுதான் ஓடுது," என்றாள் நஞ்சம்மாள். "பேச்சு மட்டும் எப்படிங்க மாறும்?"

ஐயாசாமி விரலை எடுத்துவிட்டு, கருவியை மகளிடம் நீட்டினார்.

"மாசத்துக்கு ஒருக்கா ஊட்டுக்கு வரோணும் கண்ணு. அது எத்தன ஹெர்ட்ஸ்?"

பிரவீனா போனில் கணக்குப் போட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"புள்ளிக்கு அப்புறம் ஆறு சைபர் வருதுங்கப்பா."

"அப்பத் தெனமும் போனாச்சும் பண்ணு. ரெண்டு சைபராவது கொறையட்டும்."