முகமூடிக்குள் பதினேழு நிமிடம்

கொரினின் திரையில் ஹவ்ரிலுக்கின் சிகிச்சைத் திட்டத்துக்கு ஐந்து நிமிடம் பன்னிரண்டு நொடி என்று போட்டிருந்தது. அதை அவள் நம்பியிருந்தாள். கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக அவள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும், எதைச் சுட வேண்டும், எதைச் சுடக் கூடாது என்பதெல்லாம் அவள் கணக்கு. திட்டம் மாடிக்குப் போய்விட்டால் அவள் வேலை முடிந்தது. யார் படுத்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்பதெல்லாம் மாடிக்காரர்களின் பாடு.

"உன் ஹவ்ரிலுக் மறுபடியும் மணியை அழுத்திட்டார்," என்றாள் டானிக்கா, கதவிலேயே நின்றுகொண்டு. மாடியில் கதிர் இயந்திரத்தை இயக்குபவள் அவள். அங்கே படுக்கும் நோயாளியின் கையில் ஒரு மணி இருக்கும், தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம். வழக்கமாகத் தொலைபேசியில்தான் பேசுவாள். இறங்கி வந்திருக்கிறாள் என்றதுமே கொரின் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"மெஷின் எந்தச் சுத்துல இருந்துது?"

"சுத்தே ஆரம்பிக்கல. படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள அழுத்திட்டார். முகமூடியக் கழட்டும்போது மூஞ்சி நீலம் பாரிச்சுக் கெடந்துது."

இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. முப்பத்தைந்து நாள் போட வேண்டியதில் ஒன்பதுதான் முடிந்திருந்தது. தொண்டைப் புற்றுக்கு இடைவெளி கொடுத்தால், கொடுத்த இடைவெளியையும் தின்று வளரும்.

"பயத்துக்கு அரை மாத்திரை கொடுத்துப் பாத்தீங்களா?"

"கொடுத்தா தூங்கிடறார். தூங்கினா சளிய முழுங்கறதில்ல. அது இதைவிட மோசம்."

"அஞ்சு நிமிஷம்தானே டானிக்கா."

டானிக்கா அவளைப் பார்த்தாள். "யாருக்கு அஞ்சு நிமிஷம்? பதினோரு மணிக்கு மறுபடியும் படுக்க வைக்கப் போறோம். ஒரு கடிகாரத்த எடுத்துக்கிட்டு வா."

பதினோரு மணிக்குக் கொரின் மாடியில் நின்றாள். கண்காணிப்புத் திரையில் ஓரெஸ்ட் ஹவ்ரிலுக் மல்லாந்து படுத்திருந்தார். அறுபத்து மூன்று வயது, அகலமான நெஞ்சு. முகத்தின் மேல் கண்ணி கண்ணியான வெள்ளை முகமூடியை வைத்து மேசையோடு அழுத்தினார்கள். முதல் பூட்டு சடக்கென்று விழுந்ததும் கொரின் நொடி காட்டும் கடிகாரத்தைத் தட்டி ஓடவிட்டாள்.

உடம்பை நேர்ப்படுத்தினார்கள். தோள் சரியாக இல்லை, மறுபடி நேர்ப்படுத்தினார்கள். வெளியே வந்தார்கள். ஈயம் பொதிந்த கதவு யானை நடப்பதுபோல் நகர்ந்து மூடியது. படம் எடுத்தார்கள். பழைய படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். முதல் கதிர் கிளம்பும்போது ஆறு நிமிடம் நாற்பது நொடி ஆகியிருந்தது. கொரினின் ஐந்து நிமிடத்தில் இதில் ஒரு நொடிகூடக் கிடையாது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது சுற்றுக்கு மேசையைத் திருப்ப வேண்டும். கதவு மறுபடி யானை நடை நடந்தது. டானிக்கா வளைந்த வழியில் உள்ளே போய், மேசையைத் திருப்பி, இயந்திரத்தின் கை அவர் தோளில் இடிக்குமா என்று குனிந்து பார்த்து, திரும்பி வந்தாள். அந்த நேரம் முழுவதும் அவர் மேல் ஒரு கதிரும் விழவில்லை. அவர் சும்மா கிடந்தார். தொண்டை ஏறி இறங்கியது. கட்டை விரல் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் மணி அடித்தது.

இடையில் நிற்காமல் போயிருந்தால் மொத்தம் பதினேழு ஆகியிருக்கும். கொரின் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை கூட்டியபோதும் பதினேழுதான் வந்தது.

நடைவழி நாற்காலியில் அவர் நெற்றி முழுக்கக் கண்ணித் தடத்தோடு உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. பக்கத்தில் மனைவி வேரா, இரண்டு கோட்டையும் கையில் பிடித்துக்கொண்டு.

"நீ யாரும்மா, புதுசா?"

"கொரின். உங்களுக்குத் திட்டம் போட்டது நான்தான்."

"ஓ, அந்தக் கூண்டு உன் வேலையா?"

"கூண்டு டானிக்காவோட ஆளுங்க செஞ்சது. அதுக்குள்ள எவ்ளோ நேரம்ங்கறது என் வேலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "நாப்பது வருஷம் மாட்டு ஏலம் விட்டவன்மா நான். ஒரு தரம், ரெண்டு தரம்னு ஆரம்பிச்சா மூணாம் தரத்துக்கு மாடே தலையாட்டும். மூச்சு விடாம பேசுவேன். இப்ப பேசாம மூச்சு மட்டும் விடுங்கறாங்க. வரமாட்டேங்குது."

"வாய மூடு வாய மூடுன்னு நானும் நாப்பது வருஷமா சொல்றேன்," என்றாள் வேரா. "இவங்க பூட்டே போட்டுட்டாங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐநூறு வரைக்கும் எண்ணுவேன்," என்றார் ஓரெஸ்ட். "நொடிக்கு ஒண்ணு. அதுக்கு மேல நம்பர் வரல. சளி மட்டும்தான் வருது. நாளைக்கு ஒரு நாள் வரேன்மா. நாளைக்கும் இதே கதைன்னா வீட்டுக்குப் போறேன். டாக்டர்கிட்ட சொல்லிடு."

கொரின் வேராவைப் பார்த்தாள். அப்படியெல்லாம் பேசாதே என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். வேரா கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து கொரின் அவருடைய திட்டத்தைத் திறந்தாள். நல்ல திட்டம்தான். கடைசி இரண்டு சுற்றிலும் மேசையைத் திருப்பினால் கதிர் சாய்ந்து நுழையும், இடது காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தொடாமல் நழுவிப் போகும். அந்தச் சுரப்பிக்கு இருபத்தாறு அலகுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அவள் இருபத்திரண்டில் நிறுத்தியிருந்தாள். வலது சுரப்பி கட்டியோடு ஒட்டியிருந்தது, அதைக் காப்பாற்ற வழியில்லை. இடதுதான் மிச்சம். இப்படி மேசை திருப்பும் முறையை அவள் ஒரு மாநாட்டில் காட்டியபோது முன்வரிசைக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருமே கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கடைசி இரண்டு சுற்றையும் எடுத்தாள். கணினி யோசித்துவிட்டு, இடது சுரப்பிக்கு முப்பத்து நான்கு என்று சிவப்பில் காட்டியது.

மதியம் மூன்று மணி வரை அந்த எண்ணோடு மல்லுக்கட்டினாள். கதிருக்கு வடிவம் கொடுக்கும் உலோக இதழ்களை நெருக்கினால் எண் இறங்கியது, ஆனால் இயந்திரம் ஊர ஆரம்பித்து நேரம் ஏறியது. இதழ்களைத் தளர்த்தினால் இயந்திரம் ஓடியது, எண் ஏறியது. ஒவ்வொரு கணக்குக்கும் பதினொரு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐநூறு வந்ததும் எழுந்து நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அது தாங்க முடியாத தூரமாக இருந்தது.

முப்பது அலகில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

"இருபத்தாறுக்குக் கீழ வராதா?" என்றார் ஓரெஸ்ட்டுக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டர் பென்னர்.

"நாளைக்குள்ள வராது டாக்டர். ஒரு வாரம் கொடுத்தா இருபத்தெட்டு வரலாம்."

"அவர்கிட்ட ஒரு வாரம் இல்லையே." பென்னர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். ஊருக்குள் மகள் வீட்டில் தங்கியிருந்த ஓரெஸ்ட்டும் வேராவும் எடுத்தார்கள்.

பென்னர் சுற்றி வளைக்கவில்லை. நேரம் பாதிக்குப் பாதி குறையும். கட்டிக்குப் போகும் கதிர் குறையாது. ஆனால் இடது பக்கச் சுரப்பிக்குக் கதிர் கூடும், வாய் உலர்ந்து போகலாம், அந்த ஈரம் அனேகமாகத் திரும்பாது. "நீங்க ஏலம் விடுறவர். அதனாலதான் உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குளிர்பதனப் பெட்டி முனகுவது கேட்டது. கொரின் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி பாட்டில கட்டிக்கிட்டு எவனாவது ஏலம் விட்டிருக்கானா?" என்றார் ஓரெஸ்ட் கடைசியில்.

"செத்தவன் எவனும் விட்டதில்ல," என்றது வேராவின் குரல்.

மறுபடி அந்த முனகல்.

"சரி, இடது பக்கத்த எடுத்துக்கோங்க. எவ்ளோ நேரம் ஆகும்?"

பென்னர் கொரினைப் பார்த்தார். இயந்திரத்தில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஐநூறுக்குள்ள," என்றாள்.

ஐந்து மணிக்குக் கடைசி நோயாளி கிளம்பிய பிறகு, இயற்பியலாளர் ரெய்மர் ஆளுக்குப் பதில் கதிரை அளக்கும் கட்டையை வைத்துப் புதுத் திட்டத்தை ஓட்டினார். கதிர் சரியாக விழுந்தது. அடுத்து டானிக்காவும் கொரினும், பூட்டு போடுவதிலிருந்து கழற்றுவது வரை, ஆள் படுத்திருப்பதுபோல் எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். கடிகாரம் ஐநூற்று ஐம்பத்தைந்து நொடி காட்டியது.

"நான் அவர்கிட்ட ஐநூறுன்னு சொல்லிட்டேன்," என்றாள் கொரின்.

"உன்னை யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

டானிக்கா மேசையைச் சுற்றி நடந்தாள். முழங்காலுக்கு வைக்கும் தலையணையைத் தட்டினாள். "தோளு, இடுப்பு, முட்டி எல்லாத்தையும் முதல்ல நேராக்கிடறேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கட்டும். முகமூடி கடைசி. நாங்க எப்பவும் அதை முதல்ல போட்டுட்டுத்தான் மத்ததப் பாக்கறோம். ஏன்னு கேட்டா தெரியாது."

அப்படிச் செய்து பார்த்ததில் நானூற்றுத் தொண்ணூறு வந்தது. அன்றிரவு கொரின் சரியாகத் தூங்கவில்லை. பத்து நொடிதான் மிச்சம். ஒரு இருமலுக்குப் போதும் அது.

காலை ஒன்பது இருபதுக்கு அவர் வந்தார். யாரோடும் பேசவில்லை. டானிக்கா உடம்பை நேராக்கும்போது ஏதோ மாட்டைப் பற்றிக் கேட்டாள், அவர் தோளை மட்டும் நகர்த்திக் கொடுத்தார். முகமூடி இறங்கியது. பூட்டுகள் விழுந்தன. கொரின் கடிகாரத்தைத் தட்டினாள்.

கதவு மூடியது. படம் வந்தது. தாடை சாய்ந்திருந்தது. பயத்தில் பல்லைக் கடித்திருப்பார். மேலே கீழே என்றால் மேசையை நகர்த்திச் சரிசெய்யலாம், சாய்வை அப்படிச் சரிசெய்ய முடியாது. இரண்டு பாகை வரை விடலாம். அதற்கு மேல் என்றால் கழற்றி மறுபடி படுக்க வைக்க வேண்டும். டானிக்கா படத்தின் மேல் அம்புக்குறியை நகர்த்தினாள். ஒன்று புள்ளி எட்டு. நம்பாமல் இன்னொரு எலும்பை வைத்து அளந்தாள்.

கதிரைப் போடு என்பது கொரினின் வாய் வரை வந்தது. அது அவள் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. இருபது நொடி, முப்பது நொடி. டானிக்காவின் மூச்சு கேட்டது.

"ஒண்ணு புள்ளி எட்டு. போடறேன்."

முதல் சுற்று. இயந்திரம் தடையில்லாமல் சுழன்றது. இரண்டாவது சுற்று ஆரம்பித்தபோது நானூற்று ஐந்து. திரையில் அவர் கட்டை விரல் கால்சட்டையை விட்டுவிட்டு மணியின் மேல் ஏறியது. அழுத்தவில்லை. நெஞ்சு தூக்கிப் போட்டது. டானிக்காவின் கை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே மிதந்தது. நானூற்று ஐம்பது. நெஞ்சு மறுபடி தூக்கியது. விரல் அங்கேயே கிடந்தது.

கதிர் நின்றது. "ஓடு," என்றாள் கொரின், யாரிடம் என்று தெரியாமல். டானிக்கா கதவு முழுக்கத் திறக்கும் முன்பே இடுக்கில் நுழைந்து போனாள்.

கடைசிப் பூட்டு கழன்றபோது கடிகாரத்தில் ஐநூற்று இருபத்தொன்று.

கொரின் அதைப் பார்த்தபடியே உள்ளே போனாள். அவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் துப்பினார். கண்ணில் நீர் வழிந்தது. அது அடங்கியதும் தலையை நிமிர்த்தினார்.

"நானூத்தி எண்பது," என்றார். "எண்ணிட்டேதான் இருந்தேன். இன்னும் இருபது பாக்கி வெச்சிருக்கேன்."

கொரின் கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். டானிக்கா அதைப் பார்த்துவிட்டு, தரையில் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தாள்.

"நாளைக்கு ஒம்பது இருபது வேணாம்," என்றார் ஓரெஸ்ட். "ரோடெல்லாம் பனி. பத்து மணி போடுங்க."

"பத்து மணிக்கு எனக்குப் பல் டாக்டர்," என்று வேரா கதவுப் பக்கமிருந்து சொன்னாள். "ஒம்பது இருபதே இருக்கட்டும். இவன் வண்டி ஓட்டறதில்ல, என்ன பனி இவனுக்கு?"

இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடைவழியில் போனார்கள். கொரின் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் இருபத்தைந்து நாள். வாராவாரம் சளி கெட்டியாகும். நாளைக்கு அவர் கொஞ்சம் வேகமாக எண்ணினால்? இருபத்தொரு நொடியை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நகரு, அடுத்தவங்க வராங்க," என்றாள் டானிக்கா.

மெல்லிய உடம்புக்காரி ஒருத்தி நீல அங்கியோடு உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே மேசையில் ஏறிப் படுத்தாள். சுவர் மாடத்திலிருந்து டானிக்கா எடுத்த முகமூடியில் பெயர் எழுதியிருந்தது. கொரினுக்கு அந்தப் பெயர் தெரியும். நான்கு சுற்று, இரண்டு தடவை மேசை திரும்பும், அவள் போட்டதுதான்.

"இவங்க?" என்று கேட்டாள் தாழ்ந்த குரலில்.

"இவங்க ஒரு தடவைகூட மணிய அழுத்தினதில்ல."

கொரின் கீழே போகவில்லை. வெளியே வந்து, கண்காணிப்புத் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பூட்டு விழும் வரை காத்திருந்து, கடிகாரத்தைத் தட்டினாள்.